முரசில் இரத்தம் வந்தால் பிரஷை ஒதுக்கி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் சிவப்பைக் கண்டால் மலையகத்தில் பெரும்பாலும் நடப்பது மூன்றில் ஒன்று. பாமசியில் வைட்டமின் சி குளிசை வாங்கிச் சப்புவார்கள். உப்பும் கராம்பும் போட்டுக் கொப்பளிப்பார்கள். இல்லாவிட்டால் இரத்தம் வரும் பக்கத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வார்கள். முதலாவதால் பெரிய பயன் இல்லை. இரண்டாவது கொஞ்சம் ஆறுதல் தரும். மூன்றாவது நோயை வளர்க்கும். ஆனால் "இரத்தம் வருதா, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தேய்க்காதே" என்ற அறிவுரைதான் கடைவாசலிலும் லயத்து வாசலிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு மறுப்பாகவே, இங்கே பல் வைத்தியம் செய்யும் நாங்கள் எழுதும் இந்தக் கடிதம். (வீட்டில் ஈறு என்பதும் கிளினிக் சுவரொட்டியில் முரசு என்பதும் ஒன்றுதான்.)

பல்லும் முரசும் சேரும் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, மாவு போல ஒட்டிக்கொண்டு வரும். பற்படலம் என்பது அதுதான். பலர் நினைப்பதுபோல் அது சாப்பாட்டு மிச்சம் அல்ல, கிருமிகள் தாமே பசை வைத்துக் கட்டிக்கொண்ட குடியிருப்பு. வாய் கொப்பளித்தால் சோற்றுப் பருக்கை போகும், இது அசையாது. அதை அப்படியே விட்டால் உடல் கிருமியோடு சண்டை பிடிக்க அங்கே கூடுதலாக இரத்தம் அனுப்பும். நாளங்கள் விரியும், முரசு தடித்துச் சிவக்கும், பல்லைத் தொட்டிருக்கும் உட்பக்கத் தோல் மெலிந்து புண்ணாகும். பிரஷ் பட்டதும் கசிவது அந்தப் புண். பிரஷ் அதைக் காட்டிக் கொடுக்கிறதே தவிர உண்டாக்குவதில்லை.

இது ஊகம் அல்ல. 1965 இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரரும் அவரது குழுவினரும் முரசு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆறியது. குளிசை, களிம்பு எதுவும் கொடுக்கவில்லை. படலத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே லோவின் குழு 1970 இல் வந்தது எங்கள் மலைக்கு. பற்சிகிச்சையோ தடுப்பு முறையோ அதுவரை எட்டியிராத 480 தமிழ்த் தேயிலைத் தொழிலாளரை, எல்லோரும் ஆண்கள், 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். 1986 இல் முடிவு வெளிவந்தது. படலமும், அது கல்லாக இறுகிய காரையும், முரசு வீக்கமும் ஏறக்குறைய எல்லோர் வாயிலும் இருந்தன. ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் அழிந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது: 8 சதவீதத்தினருக்கு வேகமாக, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தோடு நின்றுபோய். 35 வயதில் வேகப் பிரிவினருக்கு அந்தப் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீற்றர் அளவுக்குப் போயிருந்தது. நடுப் பிரிவினருக்கு 4, கடைசிப் பிரிவினருக்கு 1க்கும் குறைவு. மேல் முன்பல்லின் வேரே ஏறத்தாழ 13 மில்லிமீற்றர்தான் என்பதை வைத்து 9 என்றால் என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். "எங்க தாத்தா கரியில தேய்ச்சாரு, கடைசி வரைக்கும் கரும்பு கடிச்சாரு" என்பவரின் தாத்தா அந்த 11இல் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தப் பிரிவு என்பதை இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முரசு நோயைப் படிக்கும் பல் வைத்திய மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரைப் பற்றிப் படிக்காமல் போவதில்லை. அவர்கள் தெரிந்துகொண்டது தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு தாளாகக் கூட ஒட்டப்படவில்லையே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

சரி, இரத்தம் வரும் இடத்தில் எப்படித் துலக்குவது? 'சொஃப்ட்' என்று அட்டையில் போட்ட, தலை சிறிதான பிரஷ் வேண்டும். 'ஹார்ட்' வேண்டவே வேண்டாம். பற்பசை எந்தப் பெயராக இருந்தாலும் டியூப்பின் பின்பக்கத்தில் புளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் (ppm) வரை என்று இருந்தால் போதும். பெரியவருக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்கினால் நுரை வாயை நிரப்பும், அரை நிமிடத்தில் துப்பத் தோன்றும். வேலை பாதியில் நிற்கும்.

பிரஷைக் கைப்பிடிக்குள் இறுக்காமல் பேனை பிடிப்பதுபோல் பிடியுங்கள். பிரஷின் நார்கள் பாதி பல்லிலும் பாதி முரசு விளிம்பிலும் பட வேண்டும், 45 பாகை சரிவாக முரசைப் பார்த்து இருக்க வேண்டும். மேல்தாடைக்கு மேல்நோக்கி, கீழ்த்தாடைக்குக் கீழ்நோக்கி. இரண்டு மூன்று பல் அகலத்துக்கு வைத்து, இடத்தை விட்டு நகராமல், ஒரு நெல்மணி நீளத்துக்கு முன்னும் பின்னும் நடுங்குவதுபோல் அசையுங்கள். ஐந்து விநாடி. பிறகு பல்லின் நுனிப்பக்கமாக உருட்டி எடுத்துவிட்டு அடுத்த இடம். ஒரு தாடையின் வெளிப்பக்கத்தில் ஆறு இடம், உட்பக்கத்தில் ஆறு இடம். இரு தாடைக்கும் 24. ஐந்தால் பெருக்கினால் 120 விநாடி, அதாவது இரண்டு நிமிடம். மெல்லும் பரப்பைக் கடைசியில் தேய்த்துக்கொள்ளலாம். கீழ் முன்பற்களின் பின்பக்கத்துக்குப் பிரஷை நிமிர்த்திப் பிடித்து அதன் முனையால் துலக்க வேண்டும். துலக்கலை அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள் என்று நாங்கள் சொல்வது வழக்கம். எல்லோரும் கண்ணாடியில் தெரியும் முன்பல்லில் தொடங்கி, கை ஓய்ந்த பிறகு உட்பக்கத்துக்குப் போகிறார்கள். அல்லது போவதே இல்லை.

ஒரு மாதத்திலேயே நார்கள் வெளிப்பக்கமாக மடங்கிப் பூப்போல விரிந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். குறுக்கே மரம் அறுப்பதுபோல் இழுப்பவர்களுக்கு முரசு கீழிறங்கும், பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். கரி, செங்கல் தூள், உமிக்கரி ஆகியவற்றை விரலில் தொட்டுத் தேய்ப்பதும் அதே பள்ளத்தைத் தோண்டும். வேரின் மேற்பரப்பு, பல்லின் வெள்ளை மேலுறையான மிளிரியைப் போல் கடினமானது அல்ல. அதுமட்டுமா, விரல் அந்த விளிம்புக்குள் போகாது. பல் வெள்ளையாகத் தெரியும், முரசு மட்டும் தொடர்ந்து கசியும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. கந்தப்பளையிலும் பொகவந்தலாவையிலும் விடியற்காலைப் பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அந்தக் குளிரில் இரண்டு நிமிடம் துலக்குங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே முழுத் துலக்கலை இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைக்கக்கூடத் தேவையில்லை. லயத்துக்குள்ளேயே உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். படலத்தை எடுப்பது நார்தான், பசை அல்ல. முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு வாயைக் கழுவ வேண்டாம். புளோரைட் பல்லில் தங்கட்டும். காலையில் ஒரு தரம் சுருக்கமாகத் துலக்கினாலும் பரவாயில்லை. பல் கூசுபவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல் இடுக்குக்குள் பிரஷ் நுழையாது, பெரும்பாலானவர்களுக்கு இரத்தம் தொடங்குவதே அங்குதான். இடுக்கு நெருக்கமாக இருந்தால் பல் நூல் தேவை. ஒரு முழம் அளவு, அதாவது 40 முதல் 45 சென்ரிமீற்றர், வெட்டி இரு நடுவிரல்களிலும் சுற்றி நடுவில் மூன்று சென்ரிமீற்றர் மட்டும் விடுங்கள். அறுப்பதுபோல் ஆட்டி மெதுவாக இறக்குங்கள். இறங்கியதும் ஒரு பல்லை வளைத்து அணைத்தபடி முரசுக்குச் சற்றுக் கீழே வரை மேலும் கீழும் மூன்று நான்கு தரம் இழுத்துவிட்டு, அதே இடுக்கில் மற்றப் பல்லுக்கும் செய்யுங்கள். 'டக்' என்று அழுத்தி இறக்கினால் முரசு வெட்டுப்படும். தையல் நூலைக் கொண்டு முயல்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. வயது போய் இடுக்கு அகன்றவர்களுக்கு நூலைவிட, போத்தல் கழுவும் பிரஷைக் குட்டியாக்கியதுபோல் இருக்கும் இடுக்குப் பிரஷ் நல்லது. ஊக்கு, தீக்குச்சி, விளக்குமாற்று ஈர்க்கு மூன்றையும் தூரப் போடுங்கள்.

இப்படிச் செய்யத் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாள் இரத்தம் குறையாது, சிலருக்குக் கூடியதுபோலவும் தோன்றும். பலர் பயந்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். விடாமல் செய்தால் ஏழு முதல் பத்து நாளில் குறைவது தெரியும். இரண்டு வாரம் கழித்தும் அதே இடத்தில் வந்தால் அங்கே பிரஷால் எடுக்க முடியாத ஏதோ இருக்கிறது.

அது பெரும்பாலும் காரை. நீக்காமல் விட்ட படலத்தில் எச்சிலின் சுண்ணச் சத்து சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் கல்லாகிவிடும். எச்சில் சுரக்கும் வாய்கள் இருக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் பின்னாலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், முதலில் படியும். நாக்கால் தடவினாலே சொரசொரப்பாகத் தெரியும். அதன் மேல் புதுப் படலம் சுலபமாக ஒட்டும். முரசுக்கு அடியில் போய்ப் படிந்த காரை கண்ணுக்கும் தெரியாது. பல் வைத்தியர் அளவுக் கோடுகள் உள்ள மெல்லிய கருவியை முரசின் ஓரத்தில் விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீற்றர் வரை இறங்குவது இயல்பு. 4 அல்லது அதற்கு மேல் போனால் அங்கே பை விழுந்துவிட்டது. அந்த ஆழத்துக்கு வீட்டுப் பிரஷ் எட்டாது. மரக்கச் செய்து வேரைச் சுரண்டிச் சுத்தப்படுத்த வேண்டியிருக்கும். வீட்டில் பிளேட்டாலோ ஊசியாலோ காரையைக் கிளப்பப் பார்ப்பவர்கள் மேலே இருப்பதை உடைத்து, அடியில் இருப்பதை இன்னும் உள்ளே தள்ளுகிறார்கள்.

"காரை எடுத்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற பயத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதில் அரை உண்மை இருக்கிறது என்பதால்தான் அது சாகாமல் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லை இரு பக்கத்துக் காரை சிமெந்துபோல் கட்டி வைத்திருக்கும். அதை எடுத்தால் இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீங்கியிருந்த முரசு சுருங்கும்போது மறைந்திருந்த இடுக்கும் தெரியும், பல் நீண்டதுபோல் தோன்றும். சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும். இவையெல்லாம் சிகிச்சை செய்த சேதம் அல்ல. காரையை விட்டு வைத்தால் ஆட்டம் தெரியாது, பல் விழும் நாள்தான் நெருங்கும்.

வெற்றிலை போடுபவர்களுக்கும் பீடி, சிகரட், சுருட்டு பிடிப்பவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். எச்சில் எப்போதும் சிவப்பாக இருந்தால் இரத்தம் எப்படித் தெரியும்? அதோடு புகைப்பவரின் முரசில் இரத்தம் வருவதே குறைந்துவிடும். நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்க வெளியே வெளிறிய, உறுதியான முரசு தெரியும். "எனக்கு இரத்தமே வராது" என்று பெருமையாகச் சொல்லும் புகைப்பவரை நாங்கள் அதிகம் கவனித்துப் பார்ப்போம். புகையிலையை விட்ட முதல் சில வாரங்களில் முரசு கசியத் தொடங்குவது உண்டு, அதற்காகத் திரும்பப் போகாதீர்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் முரசுக் கதையாக எண்ணித் தள்ளிப் போட வேண்டாம்.

கொப்பளிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரை நிமிடம். நோவுக்கு இதம், படலத்துக்கு மருந்து அல்ல. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசல் படலத்தை உண்மையிலேயே தடுக்கும்: 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கி அரை மணி கழித்தே பயன்படுத்துங்கள். தானாக வாங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டாம். எங்கள் பக்கத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: அந்த மருந்தும் தேத்தண்ணிச் சாயமும் சேர்ந்து பல்லில் கபில நிறக் கறையாகப் படியும். நாளுக்கு ஐந்தாறு பிளேன்டீ குடிப்பவர் இரண்டு வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிடுவார். கறையைச் சுத்தம் செய்து எடுக்கலாம், ஆபத்து இல்லை. அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவற்றைப் பாமசியில் நான்கு குளிசையாக எண்ணி வாங்கிப் போடுவது வீண். படலமும் காரையும் இருக்கும்வரை இரத்தம் திரும்ப வரும். முரசு நுனி சாம்பல் நிறமாக அரித்து, தாங்க முடியாத நோவும் நாற்றமும் சேர்ந்தால் மட்டும் அது வேறு நோய். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

வைட்டமின் சி குறைபாட்டால் முரசு கசிவது உண்மைதான். காய், பழம் என்று எதுவுமே மாதக்கணக்கில் உள்ளே போகாதவருக்கு அது வரும். வேலியோரம் நிற்கும் கொய்யாவில் ஒரு பழம் நாளொன்றுக்கான தேவையைத் தாண்டிக் கொடுத்துவிடும். அதைச் சாப்பிடும் ஒருவருக்குக் குளிசையால் என்ன கிடைக்கும்?

ஆனால் வாய்க்கு வெளியே காரணம் இருக்கும் சந்தர்ப்பங்களைத் தவறவிடக் கூடாது. காய்ச்சலோடு முரசில் இரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். பல் கிளினிக் வரிசையில் நிற்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுப்ரொபேன், டைக்ளோபெனக் எதையும் கொடுக்க வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கண்டி, கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வையுங்கள். உடம்பு வெளிறி, அடிபடாமலே நீலத் தழும்பு தெரிந்து, களைப்போடு முரசு கசிந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் வேகமெடுக்கும். முரசு நோய் முற்றினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பரின் எடுப்பவர்களுக்குக் கசிவு கூடுதலாகத் தெரியும். தாமாக நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். வலிப்புக்கான பெனிடொயின், பிரஷருக்கான நிபெடிபின், அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்க வைக்கும். அவற்றையும் வைத்தியரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் மாற்றத்தால், சிறிது படலம் இருந்தாலே முரசு பொங்கும். "புள்ளத்தாச்சி பல்லுக்குக் கை வைக்கக் கூடாது" என்பது தவறு. காரை எடுப்பது பாதுகாப்பானது, நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். தாய்சேய் கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் பல் கிளினிக்குக்கு அனுப்பி வைப்பார்.

அரசாங்க வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் இவை எல்லாம் இலவசம். செலவு வேறிடத்தில் இருக்கிறது: மலையிலிருந்து இறங்கிப் போய் வர ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போய்விடும். நோவில்லாத நோய்க்காக யார் ஒரு நாள் சம்பளத்தை விடுவார்கள்? அதனால் பல் ஆடி நோவெடுத்த பிறகுதான் வருகிறார்கள், பிடுங்குவதைத் தவிர வழி இருப்பதில்லை. நடமாடும் பல் கிளினிக் தோட்டத்துக்கு வரும்போது பிடுங்குவதோடு நில்லாமல் காரை எடுக்கவும் நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகான நேரமாக இருக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகளையும் தோட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம். கூட்டுறவுக் கடைகள் 'சொஃப்ட்' பிரஷ் வைத்து விற்கட்டும். பிள்ளை மடுவத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பெயர் எழுதிய பிரஷால், ஆயாவின் கையால் ஒரு தரம் துலக்கிவிடலாம். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை அந்த வேலைக்குப் போதாது.

கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. நம்பர் எடுக்குமிடத்தில் "பல்லைக் காட்ட" என்று மட்டும் சொல்லாமல் "முரசில் இரத்தம் வருது, காரை எடுக்கணும்" என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு வாருங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். பிரஷை 45 பாகை சரித்து முரசு விளிம்பில் வைக்கும் விதத்தை எழுத்தில் சொல்வது கடினம். உள்ளங்கை அளவில் ஒரு கோட்டுப் படம் போட்டால் அதை வெட்டிப் பீலிக்கரையிலும் டிஸ்பென்சரியிலும் ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்தில் பணியாற்றும் பல் வைத்தியர்களும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களும் சிலர்